24-ஆ, 22.4-ஆ? இரப்பர் பால் ஸ்டோரிலிருந்து ஒரு வேதியியல் பாடம்

கேள்வி: என் மகள் சுங்கை சிப்புட்டில் ஐந்தாம் படிவம் படிக்கிறாள். சூத்திரமெல்லாம் தலைகீழாக ஒப்பிப்பாள். ஆனால் வாயு, பரவல், அமிலம் என்று கணக்கு வந்தால் எதை எதால் பெருக்குவது என்று தெரியாமல் விழிக்கிறாள். நான் இரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவள். எப்படி உதவுவது?

பதில்: பால் வெட்டியவர் என்றால், அம்மா, இந்தப் பாடத்தில் பாதி உங்களுக்கே தெரியும். அதற்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் வாயு. தேர்வுத் தாளில் 'கெஆடாஆன் பிலிக்' (மலாயில் அறை நிலை) என்றிருந்தால் ஒரு மோல் வாயுவுக்கு 24 லிட்டர். (மோல் என்பது டஜன் மாதிரி, துகள்களை எண்ணும் ஓர் அளவு.) எஸ்டிபி, அதாவது திட்ட வெப்பநிலை, அழுத்தம் என்றால் 22.4. அங்கே வெப்பநிலை 0 டிகிரி, குளிரில் வாயு சுருங்கிவிடுகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். (தாளில் கன டெசிமீட்டர் என்று இருக்கும், அதுவும் லிட்டரும் ஒன்றே.)

5 கிராம் கால்சியம் கார்பனேட்டை வேண்டிய அளவு ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போட்டால், அறை நிலையில் எவ்வளவு கார்பன் டை ஆக்சைடு வரும்? ஒரு மோல் கார்பனேட் 100 கிராம். ஆக இருப்பது 0.05 மோல். சமன்பாட்டில் அமிலத்துக்கு முன்னால் 2 நிற்கும். அதைப் பார்த்ததும் பிள்ளைகள் வாயுவையும் இரண்டால் பெருக்கிவிடுவார்கள். கார்பனேட்டுக்கும் வாயுவுக்கும் ஒன்றுக்கு ஒன்றுதான். 0.05 × 24 = 1.2 லிட்டர். பெருக்குவதற்குப் பதில் வகுத்தால் 480 வரும். ஒரு முழு மோலுக்கே 24 லிட்டர்தான் எனும்போது, அதில் இருபதில் ஒரு பங்கு எப்படி 480 ஆகும்? சூத்திரத்தை முக்கோணத்தில் எழுதி, வேண்டிய எழுத்தை விரலால் மறைக்கும் வித்தை எனக்குப் பிடிக்காததற்கு இதுதான் காரணம். விடை அபத்தம் என்பதை அது சொல்லாது.

பரவலுக்கு உங்கள் பால் ஸ்டோரே போதும். அமோனியா டின்னைத் திறந்தால் வாசலில் நிற்பவருக்கும் மூக்கு எரியும் அல்லவா? பரிசோதனையில் நீளமான கண்ணாடிக் குழாயின் ஒரு முனையில் அமோனியா நனைத்த பஞ்சு, மறுமுனையில் அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் நனைத்த பஞ்சு. இரண்டு வாயுவும் சந்திக்கும் இடத்தில் வெள்ளை வளையம் தோன்றும்; அது அம்மோனியம் குளோரைடு. வளையம் நடுவில் வராது, அமிலப் பக்கமாகவே வரும். அமோனியாவின் மூலக்கூறு எடை 17, ஹைட்ரஜன் குளோரைடுக்கு 36.5. இலேசானது வேகமாகப் போய்விடுகிறது. வேக விகிதம் இந்த எடைகளின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது: 36.5-ஐ 17-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் ஏறத்தாழ 1.47. ஒரு மீட்டர் குழாயில் அமோனியா சுமார் 59 சென்டிமீட்டர் வந்திருக்கும். ஆய்வுக்கூடத்தில் அச்சாக அதே இடத்தில் வரவில்லை என்றால் பயப்பட வேண்டாம், குழாயில் காற்றும் இருக்கிறது. அமோனியா மூலக்கூறு விநாடிக்கு 600 மீட்டருக்கும் மேல் ஓடக்கூடியது. ஆனால் வழியெல்லாம் காற்றில் முட்டி மோதித்தான் வர முடியும். வளையம் தெரியச் சில நிமிடம் ஆவது அதனால்தான்.

அமிலத்தில் குழப்பம் ஒன்றே: செறிவும் வலிமையும் வேறு வேறு. ஒரு லிட்டரில் எத்தனை மோல் (மோலார்) என்பது செறிவு; அதில் எவ்வளவு அயனிகளாகப் பிரிகிறது என்பது வலிமை. 0.01 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் முழுக்கப் பிரிந்துவிடும், பிஎச் 2 (பிஎச் என்பது அமிலத்தன்மையின் அளவு, எண் குறையக் குறைய அமிலத்தன்மை கூடும்). பாலை உறைய வைக்க ஊற்றுகிறோமே, அந்த ஃபார்மிக் அமிலம் அதே செறிவில் கொஞ்சமே பிரியும். பிஎச் ஏறக்குறைய 2.9. ஒரு பங்கு ஹைட்ரோகுளோரிக் அமிலத்தோடு ஒன்பது பங்கு தண்ணீர் சேர்த்தால் பிஎச் 2 மூன்றாகும், இருபது ஆகாது. சம அளவு தண்ணீர் சேர்த்தால் 2.3.

இன்று இரவு அவளிடம் இதைக் கேளுங்கள்: பால் உறைய ஆசிட், உறையாமல் இருக்க அமோனியா, ஏன்? இரப்பர் துகள்களின் மேல் எதிர்மின்னூட்டம் உண்டு. அதனால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மிதக்கின்றன. அமிலத்தின் ஹைட்ரஜன் அயனி அதை நடுநிலையாக்கினால் துகள்கள் ஒட்டிக் கட்டிப்பால் ஆகிவிடும். சும்மா வைத்த பாலிலும் பாக்டீரியா அமிலத்தை உண்டாக்கும். அமோனியா அதை ஈடுகட்டுகிறது. அவள் தடுமாறினால் நீங்களே சொல்லிக்கொடுங்கள்.