எந்த ஸ்டடி பைபிள் பெஸ்ட்?

கேள்வி: ஐயா, இங்கிலீஷ்ல ஒரு ஸ்டடி பைபிள் வாங்கலாம்னு இருக்கேன். எங்க வாலிபர் ஐக்கியத்துல ஒரு அண்ணன், கேஜேவி (கிங் ஜேம்ஸ் வெர்ஷன்) தவிர மத்ததெல்லாம் வசனத்தை வெட்டின பைபிள், தொடாதேங்கிறார். இன்னொருத்தர் கண்ண மூடிட்டு இஎஸ்வி (இங்கிலீஷ் ஸ்டாண்டர்டு வெர்ஷன்) ஸ்டடி பைபிள் வாங்குங்கிறார். வீட்ல தாத்தாவோட ஸ்கோஃபீல்டு பைபிள் இருக்கு, அது போதாதாங்கிறாங்க அம்மா. லெதர் அட்டையா பார்த்து வாங்கவா, இயேசுவோட பேச்சை மட்டும் சிவப்பு எழுத்துல அச்சடிச்சது நல்லதா? எது பெஸ்ட்னு ஒரே வரியில சொல்லுங்க. (பெயர் வேண்டாம்னு கேட்டுக்கொண்ட கல்லூரி மாணவர்)

பதில்: ஒரே வரியில வேணும்னா கடைக்காரர்கிட்டயே கேட்டிருக்கலாம் தம்பி, எது ஸ்டாக்ல அதிகமா கிடக்குதோ அதை எடுத்துக் கையில கொடுத்திருப்பார். உங்க கேள்வியில லெதர் வந்துருச்சு, சிவப்பு எழுத்து வந்துருச்சு, அண்ணன் சொன்னது அம்மா சொன்னது எல்லாம் வந்துருச்சு, ஆனா பக்கத்துக்குக் கீழ பொடி எழுத்துல ஓடுதே குறிப்பு, அதை எழுதினது யாருன்னு நீங்க கேட்கவே இல்ல. ஸ்டடி பைபிளுக்கு நீங்க கொடுக்கிற காசு அதுக்குத்தான். வசனம் போன்லயே சும்மா கிடைக்குது, அதுவும் டஜன் கணக்கான மொழிபெயர்ப்புல. நீங்க காசு கொடுத்து வீட்டுக்குக் கூட்டிட்டு வர்றது ஒரு வாத்தியாரை, அவர் எந்தப் பள்ளிக்கூடம்னு விசாரிக்காம கூட்டிட்டு வரலாமா?

இந்தக் குறிப்புக்கு எவ்வளவு பலம் இருக்குன்னு பார்க்கணும்னா உங்க அண்ணன் தூக்கிப் பிடிக்கிற கேஜேவி கதையையே எடுத்துக்கலாம். அதுக்கு முன்னாடி ஆங்கிலேயர் வீடுகள்ல அதிகமா புழங்கினது 1560-ல வந்த ஜெனீவா பைபிள், மேரி ராணி காலத்துல உயிருக்குப் பயந்து ஓடிப்போன சீர்திருத்தக்காரங்க போட்டது, ஓரம் பூரா குறிப்பு, இன்னைய ஸ்டடி பைபிளுக்குப் பாட்டின்னே சொல்லலாம். யாத்திராகமம் 1:19-ல எகிப்துல இருந்த எபிரெய மருத்துவச்சிகள் பார்வோன் பேச்சை மீறுறாங்கல்ல, அந்த இடத்துல, மீறினது சரிதான், பொய் சொன்னதுதான் தப்புங்கிற அர்த்தத்துல ஒரு குறிப்பு போட்டிருந்தாங்க. ராஜாவை மீறலாம்னு பைபிள் ஓரத்துலயே எழுதி வச்சா எந்த ராஜாவுக்குப் பிடிக்கும்? 1604-ல ஹாம்ப்டன் கோர்ட்ல கூடின கூட்டத்துல இங்கிலாந்து ராஜா முதலாம் ஜேம்ஸ் இந்தக் குறிப்பைச் சொல்லியே குறைபட்டார், புது மொழிபெயர்ப்புக்கு விதி போட்டப்போ எபிரெய, கிரேக்க வார்த்தையை விளக்குறதுக்குத் தேவையானதைத் தவிர ஓரத்துல ஒண்ணும் எழுதக்கூடாதுன்னு போட்டாங்க. 1611-ல வந்த கேஜேவி அப்படி வந்ததுதான். ராஜா பயந்தது வசனத்துக்கு இல்ல, குறிப்புக்கு.

இப்போ தாத்தாவோட ஸ்கோஃபீல்டு. 1909-ல ஆக்ஸ்ஃபோர்டு பதிப்பகம் போட்டது, 1917-ல திருத்தின பதிப்பு வந்தது. ஸ்கோஃபீல்டு வக்கீலா இருந்து ஊழியத்துக்கு வந்தவர். கேஜேவி வசனத்துக்குக் கீழ அவர் வச்ச குறிப்புகள், மனுஷ சரித்திரத்தை ஏழு காலமா பிரிக்கிறது, இஸ்ரவேல் வேற சபை வேறன்னு கோடு போடுறது, சபை முதல்ல எடுத்துக்கொள்ளப்படும் அப்புறம்தான் உபத்திரவ காலம்ங்கிறது, ஆதியாகமம் முதல் ரெண்டு வசனத்துக்கு நடுவுல ஒரு பெரிய இடைவெளி உண்டுங்கிறது, இதெல்லாம் ஒரு போதக மரபோட விளக்கம், அதை ஏத்துக்கிறவங்களும் உண்டு, மறுக்கிற தேவபக்தியுள்ளவங்களும் உண்டு. ஆனா வசனமும் குறிப்பும் ஒரே பக்கத்துல ஒரே மாதிரி அச்சுல வந்ததால, பல பேருக்கு எது பவுல் சொன்னது எது ஸ்கோஃபீல்டு சொன்னதுன்னே தெரியாமப் போச்சு. நம்ம கன்வென்ஷன்ல சுவர்ல தொங்கவிட்டு விளக்குவாங்களே ஏழு யுக சார்ட், அது வேதத்துல அந்த வடிவத்துலயே இருக்குன்னு நம்புறவங்க இன்னைக்கும் இருக்காங்க. தாத்தா பைபிளைத் தூக்கிப் போடச் சொல்லல, பத்திரமா வைங்க, அவர் கோடு போட்ட வசனங்களைப் படிங்க, ஆனா அது ஒண்ணே போதும்னா நான் ஒத்துக்க மாட்டேன்.

அதனால கடைக்குப் போனா அட்டையைத் தடவிப் பார்க்கிறதுக்கு முன்னாடி 1 கொரிந்தியர் 13:8-ஐ (அந்நியபாஷைகள் ஓயும்னு வர்ற வசனம்) திறந்து கீழ உள்ள குறிப்பைப் படிங்க. 1997-ல வந்த மெக்ஆர்தர் ஸ்டடி பைபிள்ல அந்நியபாஷை வரம் அப்போஸ்தலர் காலத்தோட முடிஞ்சதுங்கிற பக்கம் நிப்பாங்க. இப்போ ஃபயர் பைபிள்னு விக்கிறது முன்னாடி ஃபுல் லைஃப் ஸ்டடி பைபிள்னு 1992-ல வந்தது, பிரேசில்ல ஊழியம் செஞ்ச ஒரு பெந்தெகொஸ்தே மிஷனரி எழுதின குறிப்புகள், அதுல வரங்கள் இன்னைக்கும் உண்டும்பாங்க. வசனம் ஒண்ணுதான், குறிப்பு நேர் எதிர். அப்படியே ரோமர் 9 (தேவன் தெரிந்தெடுக்கிறது), 1 தீமோத்தேயு 2:12 (பெண்கள் போதிக்கிறது), வெளிப்படுத்தின விசேஷம் 20 (ஆயிரம் வருஷ அரசாட்சி) இதையும் புரட்டுங்க. பத்து நிமிஷத்துல அந்த ஸ்டடி பைபிள் எந்தச் சபைப் பின்னணின்னு தெரிஞ்சுரும். உங்க கருத்தோட ஒத்துப்போறதை மட்டும் வாங்கணும்னு சொல்லல, அப்படி வாங்கினா ஏற்கெனவே தெரிஞ்சதைத்தான் திரும்பப் படிப்பீங்க, யார் பேசுறாங்கன்னு தெரிஞ்சு வாங்குங்க அவ்வளவுதான். மாறுபட்ட கருத்தையும் சொல்லிட்டு அப்புறம் தன் கருத்தைச் சொல்ற குறிப்பு இருந்தா அது நல்ல வாத்தியார்.

அண்ணன் விஷயத்துக்கு வர்றேன். வசனத்தை வெட்டிட்டாங்கன்னு அவர் சொல்றது சும்மா எழும்பினது இல்ல, என்ஐவில (நியூ இன்டர்நேஷனல் வெர்ஷன்) அப்போஸ்தலர் 8-ஐ எடுத்தா 36-க்கு அப்புறம் 38 வரும், நம்ம பழைய தமிழ் பைபிள்ல 37 இருக்கும், பார்க்கிறவனுக்குப் பகீர்னுதான் இருக்கும். ஆனா வெட்டினதா ஒட்டினதாங்கிறதுதான் கேள்வி. கேஜேவி புதிய ஏற்பாட்டுக்கு அடிப்படை, எராஸ்மஸ்ங்கிற அறிஞர் 1516-ல அச்சுப் போட்ட கிரேக்கப் பிரதியும் அதுல இருந்து கிளைச்ச பதிப்புகளும். அவர் பாசல் நகரத்துல கைக்குக் கிடைச்ச சில பிற்காலக் கையெழுத்துப் பிரதிகளை வச்சு அவசரமா வேலை பார்த்தார், வெளிப்படுத்தின விசேஷத்தோட கடைசி வசனங்கள் அவர்கிட்ட இருந்த பிரதியில இல்லாததால லத்தீன்ல இருந்து திருப்பிக் கிரேக்கத்துக்கு மொழிபெயர்த்துப் போட்டார். 1 யோவான் 5:7-ல பரலோகத்துல சாட்சியிடுறவங்க மூணு பேர்ங்கிற வரி அவரோட முதல் ரெண்டு பதிப்புல கிடையாது, எதிர்ப்பு வந்தப்புறம் 1522-ல மூணாவது பதிப்புலதான் சேர்த்தார். புதிய ஏற்பாட்டுல இப்போ இருக்கிற வசன நம்பரே 1551-ல, எஸ்தியேன்ங்கிற பாரிஸ் அச்சுக்காரர் போட்டது. பின்னாடி நாலாம் நூற்றாண்டுப் பிரதிகளான சினாய், வத்திக்கான் பிரதிகளை வச்சு ஆராய்ஞ்சப்போ சில வசனங்கள் பழைய பிரதிகள்ல இல்லைன்னு தெரிஞ்சது, அதை உள்ளேயிருந்து எடுத்து அடிக்குறிப்புல போட்டாங்க, நம்பர் மட்டும் காலியா நிக்குது. என்ஐவி பக்கத்தோட அடியில பாருங்க, 37 அங்கயே இருக்கும். ஒளிச்சு வைக்கிறவன் அடிக்குறிப்பு போட மாட்டான்.

இன்னொண்ணு, அண்ணன் கேஜேவியோட முன்னுரையைப் படிச்சிருக்காரான்னு கேளுங்க. இப்போ வர்ற பிரதிகள்ல பெரும்பாலும் அதை விட்டுருவாங்க. அந்த மொழிபெயர்ப்பாளர்களே, எளிமையான மொழிபெயர்ப்பும் தேவனுடைய வார்த்தைதான், பல மொழிபெயர்ப்பு இருக்கிறது பிரயோஜனம்னு அதுல எழுதி வச்சிருக்காங்க. தவிர இன்னைக்கு கடையில கிடைக்கிற கேஜேவி 1611 அச்சு கூட இல்ல, பெரும்பாலும் 1769-ல ஆக்ஸ்ஃபோர்டுல திருத்தினது, 1611 பதிப்புல தள்ளுபடி ஆகமங்களும் சேர்ந்தே இருந்துச்சு! கேஜேவி அழகை நான் குறை சொல்லல, சங்கீதத்தைச் சத்தமா வாசிக்க அதை மிஞ்ச ஒண்ணு இல்ல. ஆனா 1 தெசலோனிக்கேயர் 4:15-ல பிரிவென்ட்னு இருக்கிறதைத் தடுக்கிறதுன்னு படிச்சு குழம்பாதீங்க, அந்தக் காலத்துல அதுக்கு முந்திக்கிறதுன்னு அர்த்தம். நம்ம தமிழ்ல முந்திக்கொள்வதில்லைன்னு சரியாத்தான் போட்டிருக்கு, அந்த இடத்துல தமிழ் படிக்கிறவனுக்குப் புரியுறது இங்கிலீஷ்காரனுக்கே புரியாது.

அதே சமயம் புது மொழிபெயர்ப்புகள் எல்லாம் சார்பில்லாததுன்னும் நினைச்சுராதீங்க. ரோமர் 16:1-ல பெபேயாள்ங்கிற பெண்ணை 1984 என்ஐவி சர்வன்ட்னு (ஊழியக்காரி) சொல்லுச்சு, 2011 என்ஐவி டீக்கன்னு (சபைப் பொறுப்பு) மாத்திருச்சு, இஎஸ்வி சர்வன்ட்டுன்னே வச்சுட்டு டீக்கனஸைக் கீழ குறிப்புக்குத் தள்ளிருச்சு. ஏழாவது வசனத்துல யூனியாங்கிற பெண் அப்போஸ்தலர்களுக்குள்ளேயே சிறந்தவங்கன்னு என்ஐவி, அப்போஸ்தலர்களுக்கு நல்லா தெரிஞ்சவங்கன்னு இஎஸ்வி. பெண்கள் ஊழியத்தைப் பத்தி அந்தக் குழுக்கள் எங்க நிக்குதுங்கிறதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லைன்னு சொன்னா நான் நம்ப மாட்டேன். இஎஸ்வியே ஒரு வேடிக்கை. 1952-ல ஆர்எஸ்வி (ரிவைஸ்டு ஸ்டாண்டர்டு வெர்ஷன்) வந்தப்போ ஏசாயா 7:14-ல கன்னிங்கிறதுக்குப் பதிலா இளம்பெண்ணுன்னு போட்டதுக்காக அமெரிக்காவுல ஒரு பாஸ்டர் அந்தப் பக்கத்தையே கொளுத்தினார், அதே ஆர்எஸ்வியோட 1971 பதிப்பை எடுத்து, அந்த மாதிரி இடங்களை மாத்தி, 2001-ல வந்ததுதான் இஎஸ்வி, இப்போ கன்சர்வேட்டிவ் ஆட்கள் கையில எல்லாம் அதுதான்.

சரி, எதை வாங்குறது. முதல் ஸ்டடி பைபிள்னா என் சாய்ஸ் என்ஐவி ஸ்டடி பைபிள், 1985-ல இருந்து திருத்தித் திருத்தி வர்றது, பல சபைப் பின்னணி உள்ளவங்க எழுதினது, சண்டை உள்ள இடத்துல ரெண்டு பக்கமும் சொல்லும். இஎஸ்வி ஸ்டடி பைபிள் 2008-ல வந்தது, 2,700 பக்கத்துக்கு மேல, வரைபடமும் கட்டுரைகளும் அருமை, ஆனா சீர்திருத்த சபைப் பார்வை தூக்கலா இருக்கும்னு தெரிஞ்சு படிங்க, பஸ்ல தூக்கிட்டுப் போகவும் முடியாது. வரலாறு, இலக்கிய ஆராய்ச்சி வேணும்னா நியூ ஆக்ஸ்ஃபோர்டு அனோட்டேட்டட், என்ஆர்எஸ்வி (ஆர்எஸ்வியோட புதுத் திருத்தம்) வசனத்தோட வரும், விசுவாசத்தை வளர்க்கிற புத்தகமா நினைச்சு வாங்கினா அதிர்ச்சியாயிருவீங்க. மெசேஜ்ங்கிற பைபிளை ஸ்டடிக்கு வாங்கவே வாங்காதீங்க, அது ஒரு மனுஷனோட சொந்த நடை, சும்மா வாசிக்க நல்லா இருக்கும். ஆராதனையில தமிழ் பழைய மொழிபெயர்ப்பு வாசிக்கும்போது பக்கத்துல வச்சு ஒப்பிடணும்னா 1982-ல வந்த என்கேஜேவி (நியூ கிங் ஜேம்ஸ் வெர்ஷன்) வசதி, புதிய ஏற்பாட்டுக்கு ரெண்டுக்கும் ஒரே வகை கிரேக்க அடிப்படைங்கிறதால வசனம் காணாமப் போகாது, பிரதி வித்தியாசத்தையும் அடியில சொல்லிரும். காசு இல்லைன்னா நெட் பைபிள் ஆன்லைன்ல இலவசம், 60,000-க்கு மேல குறிப்புகள், ஏன் இப்படி மொழிபெயர்த்தோம்னு அவங்களே காரணம் சொல்வாங்க.

லெதர்னு போட்டு விக்கிறதுல நிறைய பாண்டட் லெதர், தோல் தூளைப் பசை போட்டு ஒட்டினது, மடிக்கிற இடத்துல வெடிச்சுரும், கெட்டி அட்டையே தேவலை. சிவப்பு எழுத்து 1899-ல ஒரு அமெரிக்கப் பத்திரிகைக்காரர் கிளப்பின யோசனை. பழைய கிரேக்கப் பிரதிகள்ல மேற்கோள் குறி கிடையாது, இயேசுவோட பேச்சு எங்க முடியுதுங்கிறதையே மொழிபெயர்ப்பாளர்தான் முடிவு பண்றார். யோவான் 3-ல நிக்கொதேமுகிட்ட பேசுறது 2011 என்ஐவில 15-வது வசனத்தோட முடிஞ்சுரும், இஎஸ்வில 21 வரைக்கும் போகும். அப்போ 3:16 இயேசு சொன்னதா யோவான் எழுதினதா? சிவப்பு எழுத்து பைபிள் உங்களைக் கேட்காமலே அதை முடிவு பண்ணிக் கலர் அடிச்சிருக்கும். கறுப்பு எழுத்தே வாங்குங்க, எழுத்து 9 பாயிண்டுக்குக் குறையாம பாருங்க.