அரசுக் கணினிக் கொள்வனவில் விலைமனுதாரரின் ஆட்சேபம் என்றால் என்ன?

திருகோணமலையில் ஓர் அரச அலுவலகம் 40 மடிக்கணினிகளுக்கு விலைமனு கோருகிறது என்று வையுங்கள். மனுப்போட்ட விற்பனையாளர் ஒருவர், நிபந்தனையோ மதிப்பீடோ விதிப்படி இல்லை என்று எழுத்தில் முறையிடுவதுதான் ஆட்சேபம். செலவாவது பொதுப்பணம். அதனால் தெரிவுக்குக் காரணம் கேட்க இடம் இருக்கத்தான் வேண்டும்.

பெரும்பாலான சண்டை விவரக்கூற்றிலேயே தொடங்குகிறது. 'குறைந்தது 16 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி' என்றால் பலர் போட்டியிடலாம். 'எடை சரியாக 1.38 கிலோ' என்றால் அது ஒரே மொடலுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. பிராண்ட் பெயரைத் தவிர்க்கவே முடியாவிட்டால் 'அல்லது அதற்குச் சமமான' என்று சேர்க்க வேண்டும். இந்தக் குறையை மனு முடிவுத்திகதிக்கு முன்பே எழுத்தில் கேளுங்கள். பேசாமல் மனுப்போட்டுவிட்டு, தோற்றபின் கிளப்பினால் வலு குறைவு.

முடிவு வந்தபின் முறையிடுவதானால், அறிவிப்புக் கடிதத்தில் உள்ள கால எல்லைக்குள் நிபந்தனை இலக்கம், பக்கம், தயாரிப்பாளரின் விவரத்தாள் மூன்றையும் வைத்து எழுதுங்கள். 'பாரபட்சம்' என்ற ஒற்றைச் சொல் நிற்காது. உங்கள் பிணைமுறியின் (மனுவோடு கொடுக்கும் உத்தரவாதப் பத்திரத்தின்) செல்லுபடிக்காலம் ஒரு நாள் குறைந்திருந்தாலும் மனு தள்ளுபடியாகலாம். அந்தக் கணினியை விற்க உங்களுக்கு அனுமதி உண்டு என்று சொல்லும் தயாரிப்பாளரின் அதிகாரக் கடிதம் கேட்கப்பட்டு, அது இல்லாவிட்டாலும் அப்படியே. இந்த இரண்டையும் முதலில் பாருங்கள்.

கலியாண வீட்டுக்குப் பாரை மீன் சொல்லியிருக்க, ஒருவர் மலிவாகச் சூடை கொண்டுவந்தால் வாங்குவோமா? மிகக் குறைந்த விலைக்கே கட்டாயம் கொடுக்க வேண்டும் என்று பலர் நம்புவது தவறு: நிபந்தனைகளை நிறைவுசெய்த மனுக்களுக்குள்தான் விலை ஒப்பிடப்படுகிறது.