தொடக்க விழா முடிந்த பிறகு

அன்புள்ள அக்கா,

மருதனார்மடத்திலுள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பிரிவில் காண்பியக் கலை படித்து முடித்தவள் நான். சென்ற மாதம் யாழ்ப்பாண நகரில் நடந்த ஒரு கூட்டுக் காட்சியில் என்னுடைய ஓவியங்களும் இருந்தன. விளக்கேற்றல், நாடா வெட்டுதல், வரவேற்புரை, ஆசியுரை, வாழ்த்துரைகள், பொன்னாடை, நன்றியுரை எல்லாம் முடிய மாலை ஐந்தரை மணியாகிவிட்டது. பிறகு ரோல்ஸும் தேநீரும் தந்தார்கள். மூத்த ஓவியர்கள் வட்டமாக நின்று பேசினார்கள். கொழும்பிலிருந்து வந்தவர்கள் தங்களுக்குள் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டார்கள். நான் என் ஓவியங்களுக்குப் பக்கத்தில் நின்றேன். இரண்டு பேர் வாழ்த்துச் சொன்னார்கள். ஓவியத்தைப் பற்றி ஒரு கேள்விகூட வரவில்லை. கரவெட்டிக்குக் கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று புறப்பட்டுவிட்டேன். அதன்பிறகு ஒரு வீட்டில் கூடி நள்ளிரவு வரை பேசினார்களாம். கொழும்புக் காட்சி ஒன்றுக்கு யார் யாரை அழைப்பது என்பதும் அங்கேதான் முடிவானதாம். நன்றாக வரைந்தால் போதாதா? பழகவும் தெரிந்திருக்க வேண்டுமா? எனக்கு அது வராது. இனித் தொடக்க விழாக்களுக்குப் போகாமல் இருந்துவிடலாமா?

க., கரவெட்டி

அன்புள்ள க.,

போங்கள். கட்டாயம் போங்கள். பழகுவது வேறு, வரைவது வேறு என்று நீங்கள் பிரித்துப் பார்ப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. உங்கள் கோபம் முழுவதும் நியாயமானது. ஆனால் அது போய்ச் சேர வேண்டிய இடம் வேறு.

யாழ்ப்பாணத்தில் ஓவியத்தை வாழவைத்தது ஆட்களின் கூட்டுத்தான். ஓவியம் வாங்குவோர் இங்கே என்றுமே மிகக் குறைவு. ஓவியர் எஸ். ஆர். கனகசபை 1938இல் வின்சர் ஓவியக் கழகத்தைத் தொடங்கியபோதும், பின்னர் ஓவியர் அ. மாற்கு விடுமுறைக்கால ஓவியர் கழகத்தை நடத்தியபோதும், அங்கே வந்தவர்களில் பலர் சித்திர ஆசிரியர்கள். பாடசாலைச் சம்பளத்தில் வாழ்ந்தவர்கள். அவர்களுக்குக் கிடைத்தது ஒருவர் படத்தை மற்றவர் பார்த்துப் பேசும் வாய்ப்பு. 1995 ஒக்டோபர் இறுதியில், போரினால், யாழ்ப்பாண நகரை உள்ளடக்கிய வலிகாமப் பகுதி மக்கள் ஒரே இரவில் இடம்பெயர்ந்தபோது எத்தனையோ ஓவியங்கள் வீடுகளிலேயே விடப்பட்டு அழிந்தன. மாற்கு மாஸ்டரிடம் படித்தவர்களின் கைகளில் அவர் கற்பித்தது இருந்தது. அதை அழிக்க முடியவில்லை. ஆகவே, ஓவியர்கள் கூடிப் பேசுவதை வெறும் ஊர்ப்பழக்கம் என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்திய வரி கடைசி பஸ்ஸைப் பற்றியது. பேச வேண்டிய பேச்செல்லாம் விழா முடிந்த பிறகு, இருட்டிய பிறகு, யாரோ ஒருவர் வீட்டில் நடக்கிறது. மோட்டார் சைக்கிள் வைத்திருக்கும் ஆண்கள் அங்கே போகிறார்கள். கரவெட்டிக்கும் காரைநகருக்கும் திரும்ப வேண்டிய பெண்ணுக்கு அங்கே இடமில்லை. ஒருவரும் அவளை வரவேண்டாம் என்று சொல்லவில்லை, நேரமே சொல்லிவிடுகிறது. உங்களோடு படித்த பெண்களை எண்ணிப் பாருங்கள். அவர்களில் எத்தனை பேருடைய பெயர்கள் இன்று காட்சிகளின் அழைப்பிதழில் இருக்கின்றன? திறமை போதவில்லை என்று சொல்பவர்களை நான் நம்பமாட்டேன்.

ஏன் அந்தப் பேச்சு மண்டபத்துக்குள்ளே நடப்பதில்லை? உரைகள் நேரத்தைத் தின்றுவிடுகின்றன. சுவரில் இருக்கும் படங்களை இன்னும் பார்க்காத ஒருவர் பிரதம விருந்தினராக அரைமணி நேரம் கலையின் பெருமையைப் பேசுகிறார். வரைந்தவர் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்கிறார். விருந்தினரை மதிப்பது நம் ஊர்ப் பண்பு, அதை நான் குறை சொல்லவில்லை. விளக்கேற்றட்டும், ஒருவர் பத்து நிமிடம் பேசட்டும். பிற்பகல் இரண்டு மணிக்குத் தொடங்கினால் மிச்சமிருக்கும் வெளிச்சம் முழுவதும் ஓவியர்களுக்குக் கிடைக்கும். ஒவ்வொருவரும் தம் படத்தின் முன் நின்று பேச, வந்தவர்கள் ஒரு படத்திலிருந்து அடுத்ததற்கு நகரட்டும். தென்னிலங்கையிலிருந்து வருபவர்களுக்கு மொழிபெயர்க்க ஒருவரை வையுங்கள். தன் படத்தைப் பற்றித் தமிழில் பேசும் உரிமை யாழ்ப்பாணத்து ஓவியருக்கு யாழ்ப்பாணத்திலாவது இருக்க வேண்டும்.

பொருளின் முன் நின்றால் பேச்சுத் தானே வரும். 2004இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ‘அகம் புறம்’ காட்சி நடந்தது. தமிழ், சிங்களக் கலைஞர்கள் சேர்ந்து வைத்த காட்சி. எரிக்கப்பட்டுத் திருத்திக் கட்டப்பட்ட கட்டடம் அது. ஓவியர் தா. சனாதனன் யாழ்ப்பாணத்து மக்களிடம் கேட்டு வாங்கிய பொருட்களை அங்கே காட்சிக்கு வைத்தார். தன் வீட்டுப் பொருளைக் கொடுத்த ஒருவருக்கு அதைப் பற்றிச் சொல்ல எவருடைய அறிமுகமும் தேவையில்லை. தொடக்க விழாவின் மாலையிலும் ஓவியருக்கு அந்த நிலை வாய்க்க வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

காட்சிக்கு ஆட்களைத் தெரிவுசெய்வது பற்றியும் சொல்லிவிடுகிறேன். பொதுவில் அறிவித்து, படைப்புகளைக் கேட்டு வாங்கித் தெரிவுசெய்ய வேண்டும். நள்ளிரவில் ஒரு வீட்டுக்குள் பெயர்களை முடிவு செய்வது அநீதி. அங்கே இருந்தவர்களில் சிலர் இந்தப் பதிலை வாசிப்பார்கள் என்று தெரிந்தே எழுதுகிறேன்.

இனி உங்களுக்கு. உங்கள் படத்துக்குப் பக்கத்தில் காத்து நிற்காதீர்கள். இன்னொருவர் படத்துக்குப் போங்கள். கன்வஸில் முதலில் என்ன நிறம் பூசினீர்கள், இந்த மூலையை ஏன் வெறுமையாக விட்டீர்கள், இந்தக் கோடு கரியா மையா என்று கேளுங்கள். வேலையைப் பற்றிக் கேட்டால் பேசாத ஓவியரை நான் கண்டதில்லை. மூத்தவர்கள் வட்டமாக நின்றால், அவர்களில் ஒருவரிடம் அவருடைய ஒரு குறிப்பிட்ட படத்தைச் சொல்லிக் கேளுங்கள். சிரித்துப் பேசும் திறமை இதற்கு வேண்டியதில்லை. கூர்ந்து பார்த்திருக்க வேண்டும், அது உங்களுக்கு வரும். படங்களை நிதானமாகப் பார்க்க மறுநாள் காலையில் இன்னொரு முறை போங்கள். கூட்டத்தில் எந்தப் படத்தையும் முழுதாகப் பார்க்க முடியாது.

மருதனார்மடத்தில் உங்களோடு படித்தவர்கள் உங்கள் வடமராட்சிப் பகுதியிலேயே நாலைந்து பேர் இருப்பார்கள். ஒரு ஞாயிறு பிற்பகல் உங்கள் வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். முடிக்காத படத்தைக் கொண்டுவர வேண்டும் என்பது மட்டும் நிபந்தனையாக இருக்கட்டும். அழைத்தால் நானும் வருகிறேன்.