ஹிப்னோதெரபி சான்றிதழுக்கு அரசு அங்கீகாரம் உண்டா?

ஹிப்னோதெரபிக்கு, அதாவது ஒருவரை ஆழ்ந்த தளர்வு நிலைக்குக் கொண்டுபோய்ச் செய்யும் மனவசியச் சிகிச்சைக்கு, இரண்டு நாள் வகுப்பு, முடித்ததும் 'அரசு அங்கீகாரம் பெற்ற' சர்வதேசச் சான்றிதழ் என்கிறார்கள், இதை வைத்துத் தொழில் செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் ஒரு மனநல கிளினிக்கில் உளவியலாளர். இந்த விளம்பரம் எனக்கும் வாட்ஸ்அப்பில் வரும். முழுப் பொய் என்று சொல்ல முடியாது. மத்திய சுகாதார அமைச்சகம் 2003 நவம்பர் 25 அன்று ஓர் உத்தரவு போட்டது. அக்குபஞ்சர், ஹிப்னோதெரபி இரண்டையும் சிகிச்சை முறைகளாக ஏற்று, பதிவு பெற்ற மருத்துவர்களோ தகுந்த பயிற்சி உள்ளவர்களோ செய்யலாம் என்றது. விளம்பரக்காரர்கள் அதோடு நிறுத்திக்கொள்வார்கள். அங்கீகாரம் பெற்ற மருத்துவத் துறையினர் மட்டுமே 'டாக்டர்' போட்டுக்கொள்ளலாம் என்றும் அதே உத்தரவில் இருக்கிறது. ஆக, ஏற்றுக்கொண்டது சிகிச்சையைத்தான். உங்களுக்கு வந்த வகுப்பை அல்ல.

இங்கிலாந்திலும் சட்டப்படி யார் வேண்டுமானாலும் போர்டு மாட்டலாம். 2009இல் பிபிசியின் கிறிஸ் ஜாக்சன் போலிச் சான்றிதழ் ஒன்றை வைத்து, தன் வீட்டுப் பூனை ஜார்ஜை ஹிப்னோதெரபி அமைப்புகளில் உறுப்பினராகவே சேர்த்துவிட்டார்! ஆனால் அங்கே சிஎன்எச்சி என்ற தன்னார்வப் பதிவேடும் இருக்கிறது. அதில் சேர 450 மணி நேரப் பயிற்சி கேட்கிறார்கள். உங்கள் இரண்டு நாளை அதோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

ஒருவரைக் கண்ணை மூட வைத்துத் தளர வைப்பது கம்பசூத்திரமில்லை, இரண்டு நாளில் வந்துவிடும். யாருக்கு அதைச் செய்யக்கூடாது என்பதுதான் வராது. எங்களிடம் வருகிறவரை முதல் நாள் நாங்கள் கண்ணை மூடச் சொல்வதே இல்லை. தூக்கம் எப்படி, வலிப்பு உண்டா, என்ன மாத்திரை சாப்பிடுகிறார், தனியாக இருக்கும்போது காதில் யாராவது பேசுகிறார்களா என்று கேட்டு முடிக்கவே அந்த நாள் சரியாகிவிடும். கடைசிக் கேள்விக்கு 'ஆமாம்' என்று தயங்கிச் சொல்பவரை 'முற்பிறவிக்குப் போகலாம் வாங்க' என்று படுக்க வைத்தால், அப்புறம் அவர் குடும்பம்தான் அலையும்.

நீங்கள் மருத்துவரோ, ஆர்சிஐ (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு உள்ள கிளினிக்கல் சைக்காலஜிஸ்டோ என்றால் தாராளமாகக் கூடுதலாகக் கற்றுக்கொள்ளுங்கள். இல்லையென்றால் முதலில் அந்த அடிப்படைப் படிப்பு. எதற்கும் பணம் கட்டுமுன், மேற்பார்வையில் எத்தனை பேருக்குச் சிகிச்சை செய்ய விடுவீர்கள் என்று கேளுங்கள். 'சார், ஆஃபர் இன்றோடு முடியுது' என்று பதில் வந்தால் போனை வைத்துவிடுங்கள்.