வாசகர் கேள்வி: பொத்தையில் ஒரு வெடிப்பு

கேள்வி: எங்கள் ஊரை ஒட்டிய பொத்தையின் (சிறு பாறைக்குன்றின்) உச்சிப் பாறையில் கை நுழையும் அளவுக்கு ஒரு வெடிப்பு இருக்கிறது. சென்ற ஐப்பசி மழையில் அது அகன்றுவிட்டது என்று சிலரும், பாட்டன் காலத்திலிருந்தே அப்படித்தான் இருக்கிறது என்று சிலரும் சொல்கிறார்கள். பாறையின் அசைவைச் செயற்கைக்கோள் கொண்டும் ரேடார் கொண்டும் தொலைவிலிருந்தே அளக்கலாம் என்கிறார்களே, அப்படி அளந்தால் எப்போது விழும் என்பது தெரிந்துவிடுமா?
- வாசகர், அம்பாசமுத்திரம் வட்டம்

பதில்: உங்கள் ஊர் வழக்கைத் தீர்க்க ரேடார் வேண்டாம். வெடிப்பின் ஒரு கரையில் இரண்டும் மறு கரையில் ஒன்றுமாக மூன்று எஃகு ஆணிகளைச் சிமெண்டில் பதித்து, இடைவெளிகளை வாரம் ஒருமுறை வெர்னியர் காலிப்பரால் அளந்து தேதியோடு எழுதி வந்தால், பாறை விலகுகிறதா, பக்கவாட்டில் நழுவுகிறதா, சும்மா இருக்கிறதா என்பது தெரிந்துவிடும். வெயில் ஏறுமுன், எப்போதும் ஒரே நேரத்தில் அளக்க வேண்டும். நம் ஊர் வெயிலில் பாறை பகலில் விரிந்து இரவில் சுருங்குவதால், ஒரு நாள் காலையிலும் மறுநாள் மதியத்திலும் எடுத்த அளவுகளை ஒப்பிட்டால் வீண் பீதிதான் மிஞ்சும். அளக்கப் போகிறவர் மேல்பக்கமாகவே ஏறி இறங்கட்டும். மழை நாளில் போகவே வேண்டாம்.

செயற்கைக்கோள் உங்களுக்கு உதவாது என்றே நினைக்கிறேன். 2014 முதல் சுற்றிவரும் ஐரோப்பாவின் சென்டினல்-1 வரிசை மில்லிமீட்டர் அளவிலான அசைவையும் காட்டக்கூடியதுதான். ஆனால் அதன் படத்தில் ஒரு புள்ளி என்பது தரையில் ஏறத்தாழ 5 மீட்டருக்கு 20 மீட்டர். தவிர, மாஞ்சோலைப் பக்கம் போல மரம் அடர்ந்த சரிவுகளில் இலைகளின் அசைவே கணக்கைக் குழப்பிவிடும். 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட இந்திய-அமெரிக்க ரேடார் செயற்கைக்கோளான நிசார், 24 சென்டிமீட்டர் நீள அலையையும் பயன்படுத்துவதால் இலைகளை ஓரளவு ஊடுருவும். எனினும் முழு மலைச்சரிவு மெல்ல ஊர்வதைக் கண்டுபிடிக்கத்தான் அது ஏற்றது. ஒற்றைப் பாறைக்கு அன்று.

எதிரே தரையில் நிறுத்தும் ரேடாரின் கதை வேறு. சில நிமிடங்களுக்கு ஒருமுறை, இருளிலும் பனியிலும், மில்லிமீட்டருக்கும் குறைந்த நகர்வை அது பதிவு செய்யும். அமெரிக்காவின் பிங்காம் கேன்யன் செம்புச் சுரங்கத்தில் 2013 ஏப்ரல் 10 அன்று நிகழ்ந்த பெருஞ்சரிவில் ஒருவருக்கும் காயமில்லை. நகர்வின் வேகம் கூடுவதைக் கருவிகள் காட்டியதால் ஆட்களை முன்பே வெளியேற்றியிருந்தார்கள். எவ்வளவு நகர்ந்தது என்பதைவிட வேகம் நாளுக்கு நாள் கூடுகிறதா என்பதே கவனிக்க வேண்டியது.

ஆனால் நம் பகுதியின் நைஸ், சார்னோகைட் போன்ற கடும் பாறைகள் நெடுநாள் அசையாதிருந்து சட்டென்று பெயரக்கூடியவை. ஆகவே பிளவுகளைப் படிப்பதே முதல் வேலை. பிளவு ஊர்ப்பக்கமாகச் சாய்ந்து, ஏறக்குறைய 30, 35 பாகைக்கு மேல் செங்குத்தாகி, சரிவின் முகத்தில் வெளியே வந்து முடிந்தால் பாறை வழுக்க வழியிருக்கிறது. அடுத்தது தண்ணீர்: 10 மீட்டர் ஆழ வெடிப்பு நிரம்பினால் அதன் அடியில் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் 10 டன் விசை பக்கவாட்டில் தள்ளும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்ததை நினைத்துக்கொள்ளுங்கள். மேலிருந்து வரும் ஓட்டத்தை வெடிப்புக்குள் விடாமல் சிறு வாய்க்கால் வெட்டித் திருப்புங்கள். வெடிப்பில் ஆலோ இச்சியோ முளைத்திருந்தால் இளஞ்செடியிலேயே வெட்டிவிடுவது நல்லது. முற்றிய மரத்தை வேரோடு பிடுங்க வேண்டாம். அளவுக் குறிப்பேட்டோடு மாவட்ட நிர்வாகத்துக்கு மனுக் கொடுத்து, இந்தியப் புவியியல் ஆய்வு மையத்தின் பார்வையிடலைக் கேளுங்கள்.

கேள்வி: கல்குவாரிக்கும் இதெல்லாம் பொருந்துமா?
- வாசகர், நாங்குநேரி

பதில்: இன்னும் அதிகமாகப் பொருந்தும். 2022 மே மாதம் அடைமிதிப்பான்குளம் குவாரியில் இரவில் பாறை சரிந்து நால்வர் இறந்தார்கள். செங்குத்தாக வெட்டாமல் படிப்படியாக வெட்டுவதும், ஒவ்வொரு வெடிவைப்புக்குப் பிறகும் மேல் விளிம்பில் புது வெடிப்பு தெரிகிறதா என்று பார்த்த பின்னரே ஆளை இறக்குவதும் ரேடார் வாங்குவதற்கு முன் செய்ய வேண்டியவை.