வீட்டுச் சந்தை ‘மீண்டுவிட்டது’ என்றால் என்ன?

மட்டக்களப்பில் வளவு வாங்க நினைப்பவர்கள் அடிக்கடி கேட்பது இது. மீட்சி என்றால், நின்றுபோன கொடுக்கல் வாங்கல் மறுபடி நடப்பது. 2022 நெருக்கடியில் வட்டியும் சீமெந்து விலையும் எகிற, வாங்குபவர்கள் ஒதுங்கினார்கள். விற்பவர்கள் இலேசில் இறங்கிவரவில்லை. இங்கே வீடு பெரும்பாலும் மகளுக்குச் சீதனம். அவசரத்துக்குக் கொடுக்க மனம் வருமா? 2023 நடுப்பகுதியில் மத்திய வங்கி வட்டியைக் குறைக்கத் தொடங்கிய பிறகுதான் கடனெடுக்கத் துணிவு வந்தது.

கல்லடிக் கடற்கரையைப் பாருங்கள். காற்று ஓய்ந்ததும் முதலில் தோணிகள் இறங்கும்; மீன் விலை அப்புறம்தான் மாறும். காணியிலும் அப்படித்தான், உறுதி எழுதுவது கூடுகிறதா என்று கவனியுங்கள்.

பழைய விலை திரும்பினால் மீட்சி என்று நினைப்பது தவறு. 2021இல் 50 இலட்சம் சொன்ன வளவு இன்றும் 50 இலட்சம்தான் என்று வையுங்கள். ரூபாயின் பெறுமதி விழுந்ததால் அது உண்மையில் மலிந்திருக்கிறது.