மற்றவர் எழுதிய ஒரு வரியை வைத்துக் கவிதை எழுதினால் அது சொந்தக் கவிதை ஆகுமா?

ஆகும். இதோடு நிறுத்தியிருப்பேன். ஆனால் கேள்விக்குக் கீழே "நண்பர்கள் இதைத் திருட்டு என்கிறார்கள்" என்று சேர்த்திருக்கிறீர்கள் பாருங்கள், அங்கேதான் சுருக்கென்றது. இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாகியும் எனக்கு அந்தச் சொல் ஆறவில்லை.

நீங்கள் கல்லூரியில் படிக்கிறவர் என்று வைத்துக்கொள்கிறேன். எங்கேயோ படித்த ஒரு வரி மண்டைக்குள் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்கிறது. அதை முதல் அடியாக வைத்து எழுதிவிட்டீர்கள். நன்றாகவும் வந்திருக்கிறது. சுமாராக வந்திருந்தால் நண்பர்கள் சீண்டியிருக்கவே மாட்டார்கள்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் தமிழ் இலக்கியம் படித்தவன் இல்லை. பி.காம். ஒரு நூற்பாலையில் கணக்கு எழுதுகிறேன். வாழ்நாளில் உருப்படியாக எழுதிய கவிதை ஒன்றே ஒன்று, அதிலும் இரண்டு அடி என்னுடையவை அல்ல. யாப்பு தெரிந்தவர்கள் அடிக்க வர வேண்டாம்.

ஊர் கோவில்பட்டிப் பக்கம். அம்மா எனக்கு நினைவு தெரியும் முன்பே போய்விட்டாள். அப்பா பெட்டிக்கடை வைத்திருந்தார். நான் பிளஸ் டூ முடித்த வருஷம் அவரும் போனார். கடனுக்கு வீட்டை விற்று அடைத்துவிட்டு அக்காவும் நானும் டவுனில் ஒரு வாடகை வீட்டுக்கு வந்தோம். அக்கா ஒரு தையல் கடையில் வேலைக்குச் சேர்ந்து என்னைப் படிக்க வைத்தாள்.

பி.காமுக்கும் பகுதி ஒன்று தமிழ் உண்டு. அந்த வகுப்பில்தான் ஐயா புறநானூறு 112 நடத்தினார். பறம்பு மலையை மூவேந்தரும் பிடித்து, பாரி இறந்த பிறகு அவன் மகள்கள் பாடியது. மொத்தமே ஐந்து அடி. "அற்றைத் திங்கள் அவ்வெண் நிலவின், எந்தையும் உடையேம், எம் குன்றும் பிறர் கொளார்." போன மாதம் இதே நிலா வெளிச்சத்தில் எங்களுக்கு அப்பா இருந்தார், எங்கள் மலையும் எங்களிடம் இருந்தது. "இற்றைத் திங்கள் இவ்வெண் நிலவின்" மலையும் போய்விட்டது, அப்பாவும் இல்லை. அவ்வளவுதான் பாட்டு. பின் பெஞ்சில் இருந்த நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அன்றைக்கு ராத்திரியே எழுதினேன். முதல் வடிவத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் உங்களுக்கு உதவும்: "அற்றைத் திங்கள் அவ்வெண் நிலவில் அப்பா இருந்தார், பாரியைப் போல வாரி வழங்கினார்." பச்சைப் பொய். எங்கப்பா நாலணா கடன் சொன்னாலும் நோட்டில் எழுதிவைப்பவர். பெரிய வரியைக் கடன் வாங்கினால் இதுதான் ஆபத்து. அதன் உயரத்துக்கு நம் ஆட்களையும் எக்கி நிற்க வைத்துவிடுவோம்.

ஐயாவிடம் காட்டினேன். பாரியை அடித்தார். வாரி வழங்கியதை அடித்தார். "நான்" என்று வந்த இடத்தையெல்லாம் பேனாவால் வட்டம் போட்டார். "உடையேம்னு இருக்குதுப்பா, பன்மை. பாடினது ரெண்டு பேர். நீ ஒத்தையா நிக்கிறியே, இன்னொரு ஆள் எங்க?" என்றார்.

எனக்கு முகம் செத்துவிட்டது. அக்கா இல்லாமல் எழுதியிருக்கிறேன். கவிதை எழுதிய அந்த ராத்திரி அவள் பக்கத்து அறையில் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள். அந்த "ஏம்" விகுதி இல்லையென்றால் அவள் என் கவிதைக்குள் வந்தே இருக்க மாட்டாள். அடுத்தவர் வரியை எடுத்தால் அதன் இலக்கணமும் கூடவே வருகிறது, நாம் மறைத்ததைக் கேட்கிறது. திருட்டு என்பவர்களுக்கு இது எங்கே புரியப் போகிறது?

கடைசியில் இப்படி வந்தது:

அற்றைத் திங்கள் அவ்வெண் நிலவின்
முற்றத்தில் கயிற்றுக் கட்டில்.
கடன் நோட்டைத் தலைக்கு வைத்து
அப்பா படுத்திருந்தார்.
இற்றைத் திங்கள் இவ்வெண் நிலவின்
அக்காவும் நானும்
வாடகை வீட்டு மாடிப்படியில்.
கதவுக்கு அந்தப் பக்கம் நிலா.
சாவி வீட்டுக்காரரிடம்.

மொட்டைமாடிச் சாவி என்றதும் ஒன்று சொல்லியாக வேண்டும். அன்றிலிருந்து இன்றுவரை ஆறு வாடகை வீடு மாறிவிட்டேன். ஆறிலும் மாடிக் கதவுக்குப் பூட்டு. வத்தல் காயப்போடக் கேட்டால் தண்ணீர்த் தொட்டியை யாராவது தொட்டுவிடுவார்களாம். மூன்று மாத அட்வான்ஸ் வாங்கும்போது மாடி உண்டு என்றுதான் சொல்கிறார்கள். சரி, இது வேறு கதை.

கவிதை 1998 கல்லூரி ஆண்டு மலரில் வந்தது. அடியில் "முதல் அடியும் ஐந்தாம் அடியும் புறநானூறு 112, பாரி மகளிர்" என்று எழுதிக் கொடுத்திருந்தேன். அச்சில் அது இல்லை. அந்த இடத்தில் ஒரு ஜவுளிக்கடை விளம்பரம். மேற்கோள் குறிகளையும் காணோம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அதற்கு முந்தைய வருஷம் வந்த ஒரு படத்துப் பாட்டில் "அற்றைத் திங்கள்" உண்டு. அப்போது எல்லார் வாயிலும் அந்தப் பாட்டுதான். மறுநாள் அறிவிப்புப் பலகையில் ஒரு துண்டுச்சீட்டு: "சினிமாப் பாட்டைச் சுட்டவருக்கு வாழ்த்துகள்." 1894 இலேயே உ.வே.சா. அச்சில் கொண்டுவந்த நூல், 1997 படத்திலிருந்து அதை எப்படிச் சுட முடியும் என்று கணக்குப் படித்தவன் பாணியில் தேதி போட்டுக் காட்டினேன். நூலகத்திலிருந்து புத்தகத்தைக் கேன்டீனுக்கே கொண்டுபோனேன். யார் பார்த்தார்கள்? கல்லூரி முடியும்வரை என் பெயர் "அற்றைத் திங்கள்" என்றே இருந்தது.

அந்த ஆத்திரத்தில்தான் நூலகத்தில் தேட ஆரம்பித்தேன். முதலில் கிடைத்தது மணிமேகலை. "தெய்வம் தொழாஅள் கொழுநன் தொழுதெழுவாள் பெய்யெனப் பெய்யும் பெருமழை" என்ற குறளை அப்படியே உள்ளே வைத்துவிட்டு, "என்ற அப் பொய்யில் புலவன் பொருளுரை" என்று சொன்னவரையும் பாட்டுக்குள்ளேயே காட்டிவிடுகிறார் சாத்தனார். எந்த ஜவுளிக்கடையாலும் அதைத் தூக்க முடியாது. (அந்தக் குறளின் கருத்துக்காக என்னிடம் சண்டைக்கு வராதீர்கள். நான் பேசுவது மேற்கோளைப் பற்றி மட்டும்.)

அப்புறம் சோமேசர் முதுமொழி வெண்பா. பதினெட்டாம் நூற்றாண்டு, சிவஞான முனிவர். அதிகாரத்துக்கு ஒன்றாக 133 குறளை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் கடைசி இரண்டு அடியாக நிறுத்தி, முன்னால் தன் இரண்டு அடியைச் சேர்த்து நேரிசை வெண்பா ஆக்கியிருக்கிறார். முன்னால் பெரும்பாலும் ஒரு புராணக் கதை, பின்னால் அதற்கேற்ற குறள். நீங்களும் ஒன்று முயன்று பாருங்கள். இரண்டாம் அடியின் கடைசியில் தனித்து நிற்கும் தனிச்சொல்லில் மாட்டிக்கொள்வீர்கள். அது மேலே உங்கள் எதுகையோடு சேர வேண்டும், கீழே குறளின் முதல் சீரோடு தளையும், அதாவது சீருக்குச் சீர் ஓசை சேரும் கட்டும், தட்டக் கூடாது. நான் ஒரு வாரம் மல்லுக்கட்டி ஒன்றே ஒன்று முடித்தேன், அதிலும் தளை தட்டுகிறது என்று ஐயா திருப்பிக் கொடுத்துவிட்டார். பாதியைக் கடன் வாங்கியவனுக்கு வேலை குறைவு என்று யார் சொன்னது?

ஈற்றடி, அதாவது கடைசி அடி, கொடுத்துப் பாடச் சொல்வதும் நம் ஊர் வழக்கம்தான். எட்டயபுரத்தில் "பாரதி சின்னப் பயல்" என்று ஈற்றடி கொடுத்த கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். கொடுத்தவர் காந்திமதிநாதன். அதையே "பார் அதி சின்னப் பயல்" என்று பிரித்து அவர் தலையிலேயே கட்டினார் பாரதி என்பார்கள். அந்த வெண்பாவை ஈற்றடி கொடுத்தவர் கணக்கில் யாராவது எழுதுகிறார்களா?

உங்கள் வரி யாருடையது என்று நீங்கள் சொல்லவில்லை. சங்கப் பாடல், குறள் என்றால் பிரச்சினை இல்லை. இருக்கிறவர் எழுதியது, அல்லது இறந்து 60 வருஷம் ஆகாதவர் எழுதியது என்றால் உரிமைச் சட்டம் இருக்கிறது, ஒரு வரிக்கு மேல் கை வைக்காதீர்கள், முடிந்தால் கேட்டுவிடுங்கள். எதுவானாலும் பெயரை அடிக்குறிப்பில் போடாமல் தலைப்புக்குக் கீழேயே போடுங்கள். அடிக்குறிப்பு என்ன ஆகும் என்று மேலே சொல்லிவிட்டேன். புகழ்பெற்ற வரிதானே, எல்லாருக்கும் தெரியும் என்று விட்டுவிடாதீர்கள். எல்லாருக்கும் தெரிந்திருந்தது சினிமாப் பாட்டு.

மலர் கைக்கு வந்த அன்று சாயங்காலம் அக்காவிடம் கொடுத்தேன். திருட்டு, துண்டுச்சீட்டு எல்லாம் மறுநாள் வந்த வினை. அவள் பாரி மகளிர் பற்றிக் கேள்விப்பட்டதே இல்லை. வாயிலிருந்த நூலைத் துப்பிவிட்டு, மெஷின் விளக்கு வெளிச்சத்தில் இரண்டு தடவை படித்தாள். அழுவாள் என்று நினைத்தேன். மாடிப்படிப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"ஏல, சாவி விஷயத்த எழுதிட்டியே, வீட்டுக்காரரு பாத்தாருன்னா?"